தலைவர் டீ குடித்த கடை

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஊருக்கு வந்த தலைவர் காரை நிறுத்தச் சொல்லி ரோட்டோரக் கடையில் டீ குடித்தார், ஒரு கைக்குழந்தைக்குப் பெயர் வைத்தார், தம்பியின் அம்மா நீட்டிய மனுவைக் கையில் வாங்கிக்கொண்டார். இதெல்லாம் தானாக நடக்கிறதா, முன்பே திட்டம் போட்டு நடக்கிறதா? தலைவர் எங்கே, எப்படித் தோன்ற வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்? அந்த மனு கடைசியில் எங்கே போகும்?

வேலூர்ப் பக்கத்து அரசியல் பிரமுகர் ஒருவரிடம் பதினோரு வருடம் நிகழ்ச்சி நிரல் பார்த்தவன் நான். பெயரும் கட்சியும் வேண்டாம். எந்தக் கட்சியானாலும் இந்த வேலை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. பந்தல்காரரும் மைக் செட்காரரும்கூடப் பல சமயம் அதே ஆள்தான். துணியின் நிறம் மட்டும் மாறும்.

டீக்கடையை முதலில் எடுத்துக்கொள்வோம். கடை முன்பே பார்த்து வைத்ததாகத்தான் இருக்கும். நான் பார்த்து வைத்த கடைகளே நிறைய. முன்னால் நாலு வண்டி ஒதுங்கி நிற்க இடம் வேண்டும். காலை வெயில் முகத்தில் விழ வேண்டும், முதுகில் விழுந்தால் படம் கறுத்துப் போகும். கடைக்காரர் எதிர்க்கட்சியின் வட்டச் செயலாளருக்கு மச்சானாக இருக்கக் கூடாது. ஒருமுறை இதை விசாரிக்க மறந்து, டீக்குக் காசே வேண்டாம் என்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னது அப்படியே வீடியோவில் வந்துவிட்டது. தலைவருக்குச் சர்க்கரை என்றால் எந்தக் கிளாஸ் அவருக்கு என்று பையனிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காசு கொடுக்கச் சில்லறை நோட்டு அவர் சட்டைப் பையில் இருக்க வேண்டும். உதவியாளர் காசு கொடுப்பது படத்தில் விழுந்தால் டீ குடித்ததே வீண்.

ஆனால் அதோடு நம் திட்டம் முடிந்துவிடும். கார் நின்ற இரண்டாவது நிமிடம் எதிர் வீட்டுப் பாட்டி வந்து, முதியோர் உதவித்தொகை நாலு மாதமாக வரவில்லை என்று கையைப் பிடித்துக்கொள்வார். அதை யாரும் ஏற்பாடு செய்ய முடியாது. கையை விடுவித்துக்கொண்டு காரில் ஏறுகிறாரா, இருக்கிற பெஞ்சில் பாட்டியை உட்கார வைக்கிறாரா என்பது தலைவரின் பாடு. அதனால் உங்கள் கேள்விக்கு என் பதில், இடமும் நேரமும் ஏற்பாடு, அங்கே நடப்பதில் பாதி ஏற்பாடு இல்லை. இந்த மீதிப் பாதிக்காகத்தான் மக்கள் கூட்டத்துக்கே வருகிறார்கள் என்று எனக்குத் தோன்றும்.

குழந்தைக்குப் பெயர் வைப்பதும் அப்படித்தான். எந்தத் தெருமுனையில் யார் குழந்தையோடு நிற்பார்கள் என்று நகரச் செயலாளர் சொல்லிவிடுவார். ஆண் குழந்தையா பெண் குழந்தையா என்று கேட்டு, தமிழ்ப் பெயர் இரண்டு எழுதிச் சீட்டாகக் கொடுத்துவிடுவோம். அந்தக் குழந்தை வீறிட்டு அழுமா, மீசையைப் பிடித்து இழுக்குமா என்பதைச் சீட்டில் எழுத முடியாது. இழுத்த படம்தான் அடுத்த நாள் ஊரெல்லாம் சுற்றும்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத பெரிய வேலை ஒன்று உண்டு. எதற்கு 'வரவில்லை' என்று சொல்வது என்பதுதான் அது. ஆவணி, தை மாத முகூர்த்த நாளில் எங்கள் மேசையில் நாற்பது கல்யாணப் பத்திரிகை இருக்கும். காட்பாடியில் ஒன்று, பள்ளிகொண்டாவில் ஒன்று, ஆற்காட்டில் ஒன்று, பேரணாம்பட்டில் ஒன்று. எல்லாம் காலை ஆறிலிருந்து ஏழரைக்குள் முகூர்த்தம். நல்லவேளை, நம் பக்கம் முதல் நாள் சாயங்காலமே வரவேற்பு வைக்கிற பழக்கம் இருக்கிறது. அதைக் கொண்டுதான் பாதியைச் சமாளிப்போம். பணக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போகாவிட்டால் ஒரு போன் போதும். பூத் கமிட்டியில் இருபது வருடம் உழைத்தவர் வீட்டுக்குப் போகாவிட்டால் அந்த வருத்தம் ஒரு தேர்தல் வரை இருக்கும். எங்கள் தலைவர் இதைப் புரிந்துகொண்டவர். மண்டித் தெரு வியாபாரியின் கல்யாணத்தை விட்டுவிட்டு, கொசப்பேட்டையில் சந்துக்குள் நடந்த காதணி விழாவுக்குப் போவார். வியாபாரி கோபித்துக்கொள்வார்தான். ஆனால் அவருக்குத் தலைவரைப் பார்க்க வேறு வழிகள் இருக்கின்றன.

சாவு வீடு எல்லாவற்றுக்கும் முன்னால். அதற்குப் பத்திரிகை கிடையாது, அழைப்பு கிடையாது, போகாமல் இருந்துவிட்டுப் பிறகு விளக்கமும் சொல்ல முடியாது. எங்களிடம் ஒரு விதி இருந்தது: துக்க வீட்டுக்குள் நம் போட்டோகிராபர் நுழையக் கூடாது. மாலை வைக்கிற படத்தை அந்த வீட்டுக்காரர்களே யாராவது எடுத்து அனுப்பினால் சரி. உடலுக்குப் பக்கத்தில் நின்று கேமரா பக்கம் முகத்தைக் காட்டிய பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வீட்டில் அதை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள். மறக்கவும் மாட்டார்கள்.

நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தலைவர்கள் அதிகம் கெட்டுப்போவது அதில்தான். நம் அரசியலில் தாமதமாக வருவது ஒரு காலத்தில் பெருமையாகவே இருந்தது. 'மாதமோ சித்திரை, மணியோ பத்தரை' என்று அண்ணா தூங்கி வழியும் கூட்டத்தில் பேசத் தொடங்கியதை இன்றைக்கும் மேடையில் சொல்கிறார்கள். அன்று தலைவர் ஒரே காரில் ஊர் ஊராகப் பேசிக்கொண்டே வருவார், கூட்டம் புல்தரையில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டு காத்திருக்கும். இன்று நிலைமை வேறு. உச்சி வெயிலில் தடுப்புக் கட்டைக்குள் மக்களை நிறுத்திவிட்டால் தண்ணீருக்கும் போக முடியாது, திரும்பி வெளியேறவும் முடியாது. 2016 ஏப்ரலில் விருத்தாசலம், சேலம் பிரச்சாரக் கூட்டங்களுக்கு வந்தவர்களில் சிலர் வெயிலில் சுருண்டு இறந்தார்கள். 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில் நெரிசலில் 41 பேர் போனார்கள். தலைவர் வரப் பல மணி நேரம் தாமதமான கூட்டம் அது.

வேலூரை 'வெயிலூர்' என்று சும்மா சொல்லவில்லை. சித்திரையில் பகல் கூட்டம் என்றால் நான் சண்டை போட்டாவது மாலைக்கு மாற்றுவேன். மாற்ற முடியாதபோது பந்தல் செலவைக் குறைத்தாலும் தண்ணீர்ச் செலவைக் குறைக்க விடமாட்டேன். இதில் கருணை மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. தாகத்தோடு இரண்டு மணி நேரம் நின்றவர் காதில் எந்தப் பேச்சும் ஏறாது.

தலைவருக்காக யாரும் காத்திருக்காத ஒரே நிகழ்ச்சி ரமலான் நோன்பு திறப்பு. மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று எங்கள் மாதம் முழுக்க அது நிறைந்திருக்கும். சூரியன் எந்தத் தலைவருக்காகவும் தாமதமாக மறையாது. கட்சிக் கூட்டத்துக்கு ஒன்பது மணிக்கு வந்தாலும் கைதட்டு விழும். நோன்புக் கஞ்சி ஆறிய பிறகு வந்தால் பள்ளிவாசல் வாசலில் பேச ஆள் இருக்காது. எங்கள் தலைவர் வாழ்க்கையில் நேரத்துக்குப் போன நிகழ்ச்சிகள் இவை மட்டும்தான் என்று நான் கிண்டல் செய்வேன். அங்கே இன்னொரு சங்கடமும் உண்டு. தொப்பி போட்டுக்கொண்டு கஞ்சி குடிக்கும் படம் நம் ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும். அந்த மக்களுக்கோ அது சலித்துப்போன படம். 'வருடத்துக்கு ஒரு நாள் தொப்பி, மீதி நாள் ஆள் எங்கே?' என்று ஒரு தோல் தொழிற்சாலைத் தொழிலாளி என் காதுபடவே கேட்டார். அந்த வருடத்திலிருந்து தொப்பியை விட்டோம். சாதாரணமாகத் தரையில் உட்கார்ந்து குடித்தார், யாரும் குறை சொல்லவில்லை.

உடையைப் பற்றித்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். அதில் நான் சொல்ல அதிகமில்லை. காமராஜரின் கதர்ச் சட்டை, எம்.ஜி.ஆரின் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும், கலைஞரின் கறுப்புக் கண்ணாடியும் பிற்காலத்து மஞ்சள் துண்டும், இவை தெரியாத தமிழர் யார்? உடை ஒரே மாதிரி இருந்தால் தூரத்திலிருந்தே ஆளைக் கண்டுபிடிக்கலாம், சுவரில் நாலு கோடு இழுத்தால் படம் வந்துவிடும். சுவர் விளம்பரம் வரைகிற ஓவியர்கள் இதை நமக்கு முன்பே தெரிந்து வைத்திருந்தார்கள். மாற்றிக் காட்டுவதும் ஒரு சேதிதான். 2015-இல் 'நமக்கு நாமே' பயணத்தில் ஸ்டாலின் வேட்டியை விட்டுப் பேன்ட்டும் கலர் சட்டையுமாக வந்து, சைக்கிள் ஓட்டினார், டீக்கடையில் உட்கார்ந்தார். உங்கள் ஊர் டீக்கடைக் காட்சிக்குக்கூட அதற்குப் பிறகுதான் மவுசு கூடியது என்று நினைக்கிறேன். அதை அப்படியே எடுத்து, அறுபது வயதுத் தொப்பை உள்ள ஒன்றியச் செயலாளர்கள் எல்லாம் டி-ஷர்ட் போட்டுச் சைக்கிளில் ஏறிய கொடுமையையும் பார்த்தோம்.

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1954-இல் காமராஜர் முதலமைச்சரானபோது சட்டமன்ற உறுப்பினர் இல்லை. குடியாத்தம் இடைத்தேர்தலில் நின்றுதான் சபைக்குள் போனார். விருதுநகர்க்காரர் பாலாற்றுப் பக்கம் வந்து ஓட்டுக் கேட்டார், ஊர் கொடுத்தது. இன்றைக்கும் எந்தக் கட்சித் தலைவர் குடியாத்தம் வந்தாலும் பேச்சின் முதல் வரி அதுதான். வேலூர் என்றால் 1806 ஜூலை 10, கோட்டையில் சிப்பாய்கள் எழுந்த கதை. இந்த முதல் வரிகளை உள்ளூர்க்காரர் யாராவது சீட்டில் எழுதிக் கொடுப்பார். கேட்பவர்களுக்கு அது புதிய செய்தி இல்லை. ஆனாலும் வெளியூர்த் தலைவர் அதைச் சொல்லாமல் நேராக எதிர்க்கட்சியைத் திட்டத் தொடங்கினால், 'நம்ம ஊர் பேரையே சொல்லலையே' என்று வீட்டுக்குப் போகிற வழியில் பேசிக்கொள்வார்கள்.

சீட்டு காப்பாற்றாத நேரமும் வரும். ஒரே நாளில் ஆறு இடம் பேசிய களைப்பில் எங்கள் தலைவர் வாணியம்பாடியில் வேனில் நின்று 'ஆம்பூர்ப் பெருமக்களே' என்று ஆரம்பித்துவிட்டார். கூட்டம் ஓவென்று கத்தியது. வேனுக்குள் இருந்த எனக்கு உயிர் போய்விட்டது. அவர் ஒரு நொடி நிறுத்தி, 'மத்தியானம் சாப்பிடல, அதான் வாய் ஆம்பூருக்குப் போயிடுச்சு' என்றார். அவ்வளவுதான், சிரிப்பு அடங்க ஒரு நிமிடம் ஆனது. எந்த ஆலோசனை நிறுவனமும் இதை எழுதித் தர முடியாது.

கூட்டத்தின் அளவு சமாச்சாரம் சுவாரசியமானது. வேலூர்க் கோட்டை மைதானத்தில் ஐயாயிரம் பேர் வந்தால் இலையில் சிந்தின உப்பு மாதிரி இருக்கும். அதே ஐயாயிரம் பேரைக் கடை வீதிக்குள் விட்டு வேனில் வந்தால் ஆறு ஓடுகிற மாதிரி இருக்கும். ரோடு ஷோ இவ்வளவு பிரபலமானதற்கு இதுவும் ஒரு காரணம். மைதானம் எடுத்தால் நாற்காலியைக் குறைவாகப் போட்டு, ஓரத்தில் அடுக்கி வைத்து, ஆள் வர வரப் பிரித்துப் போடுவோம். காலி நாற்காலி ஒரு வரிசை தெரிந்தாலும் மறுநாள் எதிர்க்கட்சிக்காரர்கள் அந்த வரிசையை மட்டும் வெட்டிப் போடுவார்கள். தலைவரின் பின்னணி என்ன என்று பார்ப்பது இன்னொரு வேலை. அகழியும் கோட்டைச் சுவரும் படத்தில் வந்தால் வேலூர் என்று சொல்லவே வேண்டாம். 'ராஜா இல்லாத கோட்டை' என்று ஊரில் ஒரு கேலி உண்டு, அதனால் தலைவர் தலைக்கு மேல் கோட்டை வருகிற மாதிரி எடுக்காதே என்று ஒரு போட்டோகிராபரிடம் மூத்த நிர்வாகி சொன்னதையும் கேட்டிருக்கிறேன்.

மேடையில் யார் பக்கத்தில் யார் என்பது தனி மகாபாரதம். அதற்குள் போனால் இந்தப் பதில் முடியாது. பிளக்ஸில் கீழே வரிசையாக வருகிற பாஸ்போர்ட் அளவுப் படங்களில் யார் படம் ஒரு அங்குலம் பெரிது என்பதற்காக அடிதடி வரை போனதுண்டு என்பதோடு நிறுத்துகிறேன். அந்த பிளக்ஸே பிறகு தலைவர்களுக்கு வினையானது. 2019 செப்டம்பரில் சென்னை பள்ளிக்கரணையில் சாலை நடுவில் வைத்த பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம் பெண் இறந்தார். பெரிய கட்சிகள் எல்லாம் பேனர் வைக்காதீர்கள் என்று தொண்டர்களுக்கு அறிக்கை விட்டன. கொஞ்ச நாள் ஊர் சுத்தமாக இருந்தது. அப்புறம் 'தலைவருக்குத் தெரியாமல் தொண்டர்கள் அன்பில் வைத்தது' என்ற பெயரில் திரும்பி வந்தன. தலைவர் உண்மையிலேயே வேண்டாம் என்றால் ஒரு பேனரும் இருக்காது. இது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் எத்தனை பேனர் வைத்திருக்கிறார்கள் என்று எண்ணிச் சொல்வதே என் வேலையாக இருந்தது.

நோய் வரும்போதுதான் ஒரு தலைவரின் தோற்றத்தைச் சுற்றியிருப்பவர்கள் எப்படி ஆள்கிறார்கள் என்பது அம்பலமாகும். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஜி.ஆர். சுடப்பட்டார். அடுத்த மாதம் தேர்தல். கழுத்தில் கட்டோடு இருக்கும் அவர் படம் சுவரொட்டியாக ஊர் ஊராக ஒட்டப்பட்டது. தொகுதிப் பக்கம் போகாமலே பரங்கிமலையில் ஜெயித்தார். 1984-இல் அவர் அமெரிக்காவில் புரூக்ளின் மருத்துவமனையில் இருந்தபோது தேர்தல் வந்தது. இறந்துவிட்டார் என்றே வதந்தி. அவர் உயிரோடும் நினைவோடும் இருப்பதைக் காட்டும் வீடியோவைத் தமிழ்நாடு முழுக்கத் திரையிட்டார்கள். ஆண்டிப்பட்டியில் மருத்துவமனையிலிருந்தே ஜெயித்தார். எப்போதும் தொப்பியோடும் கண்ணாடியோடும் மட்டுமே பார்த்த ஒருவரை நோயாளியாகக் காட்டத் துணிந்தது பெரிய முடிவு. தெய்வம் மாதிரி வைத்திருந்தவரை மனிதராகக் காட்டினால் மவுசு குறையும் என்று நினைத்திருக்கலாம். மக்கள் அழுதுகொண்டே ஓட்டுப் போட்டார்கள்.

இதை அப்படியே 2016-க்குக் கொண்டு வாருங்கள். செப்டம்பர் 22-லிருந்து டிசம்பர் 5 வரை 75 நாள் ஜெயலலிதா அப்பல்லோவில் இருந்தார். ஒரு படம்கூட அப்போது வெளிவரவில்லை. இடையில் இடைத்தேர்தல் வேட்பாளர் படிவங்களில் கையெழுத்துக்குப் பதில் அவர் பெருவிரல் ரேகை இருந்தது, அது சந்தேகத்தை இன்னும் கிளப்பியது. பழச்சாறு குடிப்பது போன்ற ஒரு வீடியோ வந்தது அவர் இறந்து ஒரு வருடம் கழித்து, 2017 டிசம்பரில், ஆர்.கே. நகர் வாக்குப்பதிவுக்கு முந்தைய நாள். அதற்குள் விசாரணை ஆணையமே போட்டாகிவிட்டது. தன்னைத் தூரத்தில் வைத்துக்கொண்டதுதான் ஜெயலலிதாவின் தோற்றத்துக்கே பலம். பால்கனியிலிருந்து இரட்டை விரல் காட்டுவார், ஹெலிகாப்டர் தெரிந்தாலே கீழே கும்பிடுவார்கள். கடைசியில் அதே தூரம் அவருக்கு எதிராகத் திரும்பியது. படம் இல்லாத இடத்தை வதந்தி பிடித்துக்கொண்டது. 2018 ஜூலையில் கலைஞர் காவேரி மருத்துவமனையில் இருந்தபோது, பார்க்க வந்த தலைவர்களோடு படுக்கையில் அவர் இருக்கும் படங்கள் வெளிவந்தன. முந்தைய அனுபவத்திலிருந்து கற்றுக்கொண்டார்கள் என்றே நான் எடுத்துக்கொண்டேன். படம் வந்த அன்று மாலை வேலூர் பழைய பஸ் ஸ்டாண்டில் நின்ற தொண்டர்கள் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் பார்த்தேன்.

பாதுகாப்பும் தூரத்தைக் கூட்டியது. 1991 மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் மாலை போட வந்தவர்கள் கூட்டத்துக்கு நடுவேதான் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அதற்குப் பிறகு பெரிய தலைவர்களின் மேடைக்கும் மக்களுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் வந்தது. யார் மாலை போடலாம், யார் சால்வை போர்த்தலாம் என்ற பட்டியல் முதல் நாளே போலீஸ் கைக்குப் போகும். அந்தப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லி எனக்கு வந்த போன்களை எண்ணினால் ஒரு நாவல் எழுதலாம். பட்டியலில் இல்லாத ஒருவரைத் தலைவர் தானாகக் கூப்பிட்டுக் கை கொடுத்தால், அன்றைய செய்தி அதுதான்.

தேர்தல் நேரத்தில் எல்லாம் வேறு கணக்கு. இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது. பத்தேகாலுக்கு வந்த தலைவர் மைக்கைத் தொடாமல் வேனில் நின்று கும்பிட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருப்பீர்கள். சட்டத்தை மதிக்கிறார் என்று பெயரும் கிடைக்கும், பேசுகிற வேலையும் மிச்சம். வாக்குப்பதிவு முடிவதற்கு முந்தைய 48 மணி நேரம் பிரச்சாரமே கூடாது. சுவரொட்டி, நோட்டீஸ் எதுவானாலும் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் இருக்க வேண்டும். நாற்காலி, டீ, பிரியாணி வரை மாவட்டத் தேர்தல் அலுவலகம் ஒரு விலைப் பட்டியல் வைத்திருக்கும், அதன்படி வேட்பாளர் கணக்கில் ஏறும். சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம், மக்களவைக்கு 95 லட்சம் என்பது உச்சவரம்பு. ஆரத்தித் தட்டில் காசு போடுவதைத் தேர்தல் பிரிவு வீடியோக்காரர் படம் பிடிப்பார் என்பதால் தட்டில் பூ மட்டும் விழும். மீதி அந்தத் தெருப் பொறுப்பாளர் பாடு. நான் இதற்கு மேல் எழுதினால் பழைய நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசினால் வேலூரை விட்டுவிட முடியாது. பெரும் தொகை சிக்கியதால் 2019 ஏப்ரல் 18-இல் நடக்க வேண்டிய வேலூர் மக்களவைத் தேர்தல் இரண்டு நாள் முன்னால் ரத்தானது. பிறகு ஆகஸ்ட் 5-இல் நடந்து, 8,141 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. என் தொழில் கோணத்திலிருந்து பார்த்தால் அதில் வேறொரு வேடிக்கை இருந்தது. எல்லாத் தலைவர்களும் மூன்றே மாதத்தில் இரண்டாவது முறை அதே தெருவுக்கு வந்தார்கள். அதே நகைச்சுவை, அதே ஏற்ற இறக்கம், அதே இடத்தில் கண் கலங்கல். சத்துவாச்சாரியில் ஒரு பெண்மணி அடுத்த வரியைத் தலைவருக்கு முன்பே சொல்லிக்காட்டினார், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஒரு பேச்சை ஊர் ஊராக எடுத்துப் போகலாம், ஒரே ஊருக்கு இரண்டு முறை எடுத்துப் போக முடியாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டோம்.

பதவியில் இருப்பவர்களுக்கு அரசு விளம்பரம் என்ற இன்னொரு வழி இருக்கிறது. அரசு விளம்பரங்களில் குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படங்கள் மட்டும் வரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015-இல் சொன்னது. அடுத்த ஆண்டே முதலமைச்சர்கள், ஆளுநர்கள், அமைச்சர்கள் படத்துக்கும் அனுமதி கிடைத்தது. இதில் எனக்கு அனுபவம் இல்லை, எங்கள் தலைவர் அவ்வளவு உயரத்துக்குப் போகவில்லை.

என் தவறு ஒன்றைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதில் யோக்கியமாக இருக்காது. 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம். தண்ணீரில்லாத ஆறு என்று பேர் வாங்கிய ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. கரையோரத்துத் தெருக்களைப் பார்க்கத் தலைவரை மறுநாள் காலையிலேயே அழைத்துப் போனேன். பாய், அரிசி எல்லாம் தயார், போட்டோகிராபர் தயார். மழை தூறியதால் ஒரு பையன் ஓடி வந்து அவருக்குக் குடை பிடித்தான். அதைத் தடுக்க எனக்குத் தோன்றவில்லை. எதிரே ஒரு தாய் இடுப்பில் குழந்தையோடு சொட்டச் சொட்ட நனைந்து நிற்கிறார், இவர் இன்னொருவர் பிடித்த குடைக்குள் நின்று ஆறுதல் சொல்கிறார். படம் எடுத்தது எங்கள் ஆள் இல்லை, தெருவில் நின்ற ஒரு கல்லூரிப் பையன். மத்தியானத்துக்குள் மாவட்டம் முழுக்கப் போய்விட்டது. கொடுத்த அரிசியைப் பற்றி யாரும் பேசவில்லை.

விளக்க அறிக்கை விடலாம் என்று நான் எழுதிக்கொண்டு போனேன். அவர் படித்துவிட்டுக் கிழித்துப் போட்டார். 'குடை பிடிச்சது உண்மைதானே, என்ன விளக்கம்?' என்றார். அதற்குப் பிறகு கார் பின் சீட்டில் எப்போதும் ஒரு குடை கிடக்கும். மழை வந்தால் தானே எடுத்துப் பிடிப்பார், எதிரில் இருப்பவரையும் உள்ளே இழுத்துக்கொள்வார். தொண்டர்கள் முதுகுக்குப் பின்னால் அவரைக் குடைக்காரர் என்றார்கள். அவருக்கும் அது தெரியும்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு போன் கேமராவைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. முன்பு மேடை ஏறும்போது தோற்றம் ஆரம்பித்து, இறங்கும்போது முடிந்தது. இப்போது வீட்டு வாசலில் செருப்பு மாட்டும்போதே ஆரம்பித்துவிடுகிறது. ஐடி விங், வார் ரூம் எல்லாம் வந்துவிட்டன, மேலிடத்தில் சம்பளத்துக்கு ஆலோசகர்கள் இருக்கிறார்கள். அவர்கள் தயாரிக்கிற படம் அழகாக இருக்கும். பக்கத்துத் தெருப் பையன் எடுத்த படம் கோணலாக இருக்கும், அதைத்தான் நம்புவார்கள்.

சரி, உங்கள் அம்மாவின் மனு. தலைவர் கையில் வாங்கிய மனு பின்னால் நிற்கும் உதவியாளர் கைக்குப் போகும். அவர் தோளில் ஒரு பை இருக்கும். ஒழுங்கான அலுவலகமாக இருந்தால் அன்று இரவே பிரித்து, பெயர், ஊர், போன் நம்பர், துறை என்று நோட்டில் ஏற்றி, அந்தந்த அலுவலகத்துக்கு ஒரு கடிதத்தோடு அனுப்புவார்கள். ஒழுங்கில்லாத அலுவலகமாக இருந்தால் மாலையும் சால்வையும் இருக்கிற மூட்டையோடு போய்விடும். எங்களிடமே இரண்டும் நடந்திருக்கிறது. மனுவில் போன் நம்பர் எழுதாமல் கொடுப்பவர்கள்தான் அதிகம், அப்படி வந்ததை வைத்துக்கொண்டு யாரைத் தேடுவது? அதனால் அதே மனுவை இன்னொரு பிரதி எடுத்து, நம்பரோடு, திங்கட்கிழமை காலை சத்துவாச்சாரி கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொடுத்துவிடுங்கள். அங்கே பதிவு செய்து ஒரு எண் தருவார்கள், அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தலைவரின் அலுவலகத்துக்குப் போன் செய்து, இந்த எண்ணுக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். உதவியாளர் எரிச்சலோடுதான் பேசுவார், நானும் அப்படித்தான் பேசியிருக்கிறேன். மூன்றாவது முறை கூப்பிட்டால் செய்துவிடுவார்.